கிழித்தெறிந்த அட்டை

ஆசிரிய கலாசாலையில் பயின்ற காலத்தில், பழைய புத்தகக் கடையொன்றில் ஆதர் சி. கிளார்க்கின் 'சைல்ட்ஹூட்ஸ் எண்ட்' நாவலை வாங்கினேன். அட்டை கசங்கியிருந்தது. அதைக் கிழித்தெறிந்துவிட்டுத் தடித்த மட்டை வைத்துக் கட்டினேன். எறிந்தது எதுவென்று பல ஆண்டுகளின் பின்னரே அறிந்தேன்.

1952இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட பலன்டைன் பதிப்பகம் அந்நாவலை 1953இல் வெளியிட்டது. அட்டையை வரைந்தவர் ரிச்சர்ட் பவர்ஸ் (1921–1996). அந்நாளில் விஞ்ஞானப் புனைகதை என்றாலே அட்டையில் பெரும்பாலும் ரொக்கட், அரக்கன், அலறும் பெண்தான். பவர்ஸ் சர்ரியலிச ஓவியர்களின் வழியில் சென்றார். பெயரிட முடியாத உருவங்கள், எல்லையற்ற வெளி, அதனிடையே எறும்பாய்ச் சிறுத்த மனிதர் என்று அவரது அட்டைகள் அமைந்தன. கதையின் சம்பவத்தையன்று, கதை தரும் திகைப்பையே அவர் வரைந்தார்.

அமெரிக்க மலிவுப் பதிப்பு வியாபாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. விற்காத நூலின் அட்டையை மட்டும் கிழித்தனுப்பினால் கடைக்காரருக்குப் பணம் மீளும். நூல் குப்பைக்குப் போகும். நான் நூலை வைத்துக்கொண்டு அட்டையைக் குப்பையிலிட்டேன். இரண்டுமே பாதி இழப்புத்தான்.

கிளார்க் 1956 முதல் 2008இல் மறையும்வரை நம் நாட்டிலேயே வாழ்ந்தவர். எங்கள் பாடசாலை நூலகத்துக்கு இன்று நானே பொறுப்பு. புத்தகங்களைக் கட்டக் கொடுக்கையில், பழைய அட்டையையும் சேர்த்துத் தைக்கச் சொல்கிறேன்.