ஊர்க்காளை பார்த்த வேலையை இப்போது யார் பார்க்கிறார்கள்?

கார்த்திகை தீபம் என்றாலே எல்லோருக்கும் மலை உச்சியில் எரியும் கொப்பரைதான் ஞாபகத்துக்கு வரும். அதே தீபத் திருவிழாவை ஒட்டி திருவண்ணாமலையில் ஒரு பெரிய மாட்டுச் சந்தையும் கூடும் என்பது வெளியூர்க்காரர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. அந்தச் சந்தையில் கறவை மாடு வாங்க வருகிறவர் கேட்கும் கேள்விகளைக் கவனித்தால் ஒரு விஷயம் புரியும். "எத்தனாவது ஈத்து?" "சினையா இருக்கா?" "எத்தனை மாசம்?" மாட்டின் நிறமும் கொம்பும் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

காரணம் மிகவும் எளிது. கன்று போட்டால்தான் மாடு பால் கறக்கும். எனவே பால் உற்பத்தியின் வரலாறு என்பது உண்மையில் மாடு சினை பிடித்த வரலாறுதான். வெண்மைப் புரட்சி பற்றிப் பாடப் புத்தகத்தில் படித்தவர்களுக்குப் பால் வண்டியும் பவுடர் ஃபேக்டரியும் தெரியும். அதற்குப் பின்னால் இருக்கும் இந்தக் கதை அதிகம் தெரியாது. கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

சாவா மூவாக் கணக்கு

சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் நந்தா விளக்கு (அணையா விளக்கு) எரிக்கக் கொடுத்த தானங்கள் ஏராளம். திருவண்ணாமலை அண்ணாமலையார் கோயிலிலும் சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு. ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 96 ஆடுகள் கொடுப்பார்கள். பசு என்றால் பல ஊர்களில் 32. தஞ்சைப் பெரிய கோயிலில் இராஜராஜன் காலக் கணக்கு இன்னும் துல்லியமானது: ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. அவற்றைப் பெற்றுக்கொள்ளும் இடையர் தினமும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். உழக்கு என்பது நாழியில் கால் பங்கு.

இந்த ஆடுமாடுகளுக்குக் கல்வெட்டு கொடுக்கும் பெயர் அழகானது: "சாவா மூவா". அதாவது சாகாதவை, மூப்படையாதவை! சாகாத மாடு உலகத்தில் உண்டா? கிடையாது. மாடு செத்தாலும் கிழடானாலும் கன்றுகளை வளர்த்து எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வது இடையரின் பொறுப்பு என்பதுதான் இதன் பொருள். வணிகவியல் பாஷையில் சொன்னால், முதல் கரையக் கூடாது, வட்டி மட்டும் நெய்யாக வர வேண்டும். நம் ஊர் டிரஸ்ட்டுகளின் வைப்பு நிதியும் இதே ஏற்பாடுதான்.

ஆனால் ஒரு வித்தியாசம். வங்கியில் போட்ட பணம் தானாக வட்டி தரும். மந்தையில் பாதிப் பசுக்கள் ஒரு வருடம் சினை பிடிக்காமல் போனால்? நெய்க்கு வழியில்லை, செத்த மாட்டுக்குப் பதில் வைக்கக் கன்றும் இல்லை. அந்த நஷ்டம் முழுவதும் இடையர் தலையில்தான். இந்தக் கதையில் பின்னால் வரும் எல்லோருக்கும் இதுவே நிலைமை. பாலை வாங்குபவருக்கு அளவு குறையக் கூடாது. மாடு சினை பிடிக்காவிட்டால் அது வளர்ப்பவரின் பாடு.

உழவுக்கு ஒரு மாடு

அதற்குப் பிறகு பல நூற்றாண்டுகள் தமிழ்நாட்டுப் பசுவின் முக்கியமான வேலை பால் கொடுப்பதாக இருக்கவில்லை. நல்ல காளைக்கன்று போட வேண்டும், அது உழவுக்கும் வண்டிக்கும் கவலை இறைக்கவும் ஆக வேண்டும். காங்கேயம், உம்பளாச்சேரி, பர்கூர், புலிக்குளம் எல்லாமே இழுவைக்குப் பேர் போன இனங்கள். பக்கத்துத் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆலம்பாடியும் அப்படித்தான்.

ஊருக்கு ஒரு பொலிகாளை இருக்கும். சில ஊர்களில் அது சாமிக்கு நேர்ந்துவிட்ட கோயில் காளை. அது யார் வயலில் மேய்ந்தாலும் அடிக்க மாட்டார்கள். பசு பருவத்துக்கு வந்தால் காளைக்கு விடுவார்கள், அவ்வளவுதான்.

இதில் பிரச்னையும் இருந்தது. 1928ல் வெளிவந்த வேளாண்மைக்கான ராயல் கமிஷன் அறிக்கை இந்திய மாடுகளைப் பற்றி ஒரு விஷச் சுழலைச் சொன்னது. தீவனம் போதாததால் மாடு நலிகிறது. நலிந்த பசு நல்ல எருதைத் தருவதில்லை. எப்படியாவது ஒரு நல்ல எருது கிடைக்கட்டும் என்று விவசாயி இன்னும் அதிக மாடு வைத்துக்கொள்கிறார். அதனால் இருக்கிற தீவனமும் போதாமல் போகிறது. இதற்கு மருந்தாக அரசு நினைத்தது காளையைக் கட்டுப்படுத்துவதை. சென்னை மாகாணத்தில் 1940ல் கால்நடை அபிவிருத்திச் சட்டம் வந்தது. காளைக்கு லைசென்ஸ்! தரமில்லாத காளைகளுக்குக் காயடிப்பு.

வைக்கோலிலிருந்து வந்த குச்சி

இதே காலத்தில் உலகத்தின் இன்னொரு மூலையில் காளையே தேவைப்படாத வழி தயாராகிக்கொண்டிருந்தது. 1780ல் இத்தாலியின் ஸ்பல்லன்சானி ஒரு நாய்க்குச் செயற்கை முறையில் கருவூட்டிக் காட்டினார். 1900களின் தொடக்கத்தில் ரஷ்யாவின் இவானோவ் அதைப் பண்ணை விலங்குகளுக்குக் கொண்டுவந்தார். ஆனால் இதை விவசாயி வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது டென்மார்க். அங்கே 1936ல் சாம்ஸோ என்ற தீவில் முதல் செயற்கைக் கருவூட்டல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. பால் சங்கம் போல சினைக்கும் ஒரு சங்கம்!

விந்தை அடைத்து வைக்க டென்மார்க்கில் முதலில் பயன்படுத்தியது ஓட்ஸ் பயிரின் தண்டை, அதாவது நம் பாஷையில் வைக்கோல் குச்சியை. பிறகு சோரென்சென் என்ற கால்நடை மருத்துவர் தன் மகளின் பிறந்தநாள் விழாவில் குழந்தைகள் ஸ்ட்ரா போட்டு ஜூஸ் குடிப்பதைப் பார்த்தாராம். அட, இதுதானே தேவை என்று தோன்றியிருக்கிறது. இன்றைக்கு நம் ஊரில் சினை ஊசிக்குப் பயன்படும் மெல்லிய குச்சிக்கு அதுதான் மூதாதை.

1949ல் இங்கிலாந்தில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் மூவரும் கிளிசரின் கலந்தால் விந்து உறைந்தாலும் உயிரோடு இருக்கும் என்று கண்டுபிடித்தார்கள். பாட்டிலில் லேபிள் மாறிப்போன குழப்பத்தில் கிடைத்த கண்டுபிடிப்பு இது :) அதன்பின் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைத்தால் ஒரு காளை செத்துப் பல வருடம் ஆனபிறகும் அதற்குக் கன்று பிறக்கலாம் என்றானது. உண்மையான "சாவா மூவா" காளை!

மைசூர் அரண்மனையிலிருந்து கிராமம் வரை

இந்தியாவில் முதல் செயற்கைக் கருவூட்டல் நடந்தது நமக்குப் பக்கத்தில்தான். 1939ல் மைசூர் அரண்மனைப் பால் பண்ணையில் சம்பத் குமாரன் என்பவர் ஹள்ளிகார் பசுக்களுக்கு ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன் காளையின் விந்தைச் செலுத்தினார். 33 பசுக்கள் சினையாயின. அடுத்து 1940களில் இசத்நகர் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் வேலை சூடுபிடித்தது. முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் "கீ வில்லேஜ்" திட்டம், 1960களின் நடுவில் தீவிரக் கால்நடை அபிவிருத்தித் திட்டம், 1970ல் ஆபரேஷன் ஃபிளட் என்று வரிசையாக வந்தன.

முதலில் வந்தது ஐஸ் போட்ட ஃபிளாஸ்கில் எடுத்துப்போகும் குளிர்விந்து. சில நாள்தான் தாங்கும். உறைவிந்து வந்த பிறகு ஊட்டியிலும் ஈச்சங்கோட்டையிலும் தயாராகும் குச்சி தமிழ்நாட்டின் எந்தக் கிராமத்துக்கும் போய்ச் சேர்ந்தது. மலைப்பகுதிக்கு ஃப்ரீசியன், சமவெளிக்குச் சிறிய உடம்பும் கொழுப்புப் பாலும் கொண்ட ஜெர்சி என்று கலப்பினம் பரவியது. 1981ல் தமிழ்நாடு கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் இணையம் (ஆவின்) வந்தது. 1989ல் வட ஆற்காட்டிலிருந்து பிரிந்த திருவண்ணாமலை மாவட்டத்தில் மணிலாவும் நெல்லும் போடும் சிறு விவசாயிக்கு மழை ஏமாற்றினாலும் மாதம் தவறாமல் பணம் தருவது இந்த ஜெர்சிக் கலப்பு மாடுதான்.

டிராக்டரும் பம்புசெட்டும் வந்தன. மேய்ச்சல் நிலம் சுருங்கியது. ஊர்க்காளை மெல்ல மெல்லக் காணாமல் போனது. சொல்லப்போனால் பலர் அதைக் கவனிக்கவே இல்லை.

காளையின் இரண்டாவது வேலை

இங்கேதான் வரலாற்றுப் புத்தகங்கள் விட்டுவிட்ட ஒரு விஷயம் இருக்கிறது. ஊர்க்காளை ஒரு வேலை பார்க்கவில்லை, இரண்டு வேலை பார்த்தது. சினைப்படுத்துவது ஒன்று. எந்தப் பசு எப்போது பருவத்துக்கு வந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது இன்னொன்று. முகர்ந்தே தெரிந்துகொள்ளும். ராத்திரி பன்னிரண்டு மணி ஆனாலும் தவறவிடாது.

குச்சி முதல் வேலைக்கு மட்டும்தான் மாற்று. இரண்டாவது வேலை எந்தத் திட்டத்திலும் எழுதப்படாமல் மாட்டுக்காரர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. பெரும்பாலும் தொழுவத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண்களிடம்.

அது அவ்வளவு சுலபமான வேலையா? பசுவுக்கு சுமார் 21 நாளுக்கு ஒருமுறை பருவம் வரும். அதுவும் 12 முதல் 18 மணி நேரம்தான் இருக்கும். கத்தும், தீனி குறையும், கண்ணாடி போல வழும்பு ஒழுகும். ஆனால் மிக நம்பகமான அடையாளம் வேறு: இன்னொரு மாடு மேலே ஏறும்போது நகராமல் நிற்பது. மந்தையில் இதைப் பார்க்கலாம். ஒரே ஒரு மாட்டை முளைக்குச்சியில் கட்டி வைத்திருக்கும் வீட்டில் யார் மேல் ஏற இன்னொரு மாடு இருக்கிறது? வெயில் காலத்தில் கலப்பின மாடுகளுக்கும் எருமைகளுக்கும் சத்தமே இல்லாத ஊமைப் பருவமும் உண்டு.

பார்த்தால் மட்டும் போதாது, நேரமும் சரியாக இருக்க வேண்டும். 1940களில் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ட்ரிம்பர்கர் என்பவர் செய்த ஆய்விலிருந்து வந்ததுதான் நம் ஊர் மாட்டு ஆஸ்பத்திரிகளில் சொல்லும் விதி: காலையில் பருவம் பார்த்தால் அன்று மாலை ஊசி, மாலையில் பார்த்தால் மறுநாள் காலை ஊசி.

21 நாள் கணக்கு

வருடத்துக்கு ஒரு கன்று என்பது லட்சியம். கணக்கைப் பாருங்கள்:

வருடம் 365 நாள். சினைக்காலம் சுமார் 280 நாள். மீதி 85 நாள். கன்று போட்டபின் கருப்பை பழைய நிலைக்கு வர சுமார் 60 நாள் விட வேண்டும். ஆக மிஞ்சுவது 25 நாள். அதற்குள் சாதாரணமாக ஒரு பருவம் வரும், அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு. அவ்வளவுதான் வாய்ப்பு!

ஒரு பருவத்தைத் தவறவிட்டால் அடுத்த கன்று 21 நாள் தள்ளிப்போகும். பால் வற்றிய பிறகும் தீனி போடும் நாட்கள் கூடும். வற்றிய மாட்டுக்கு ஒரு நாளைக்கு 150 ரூபாய் தீவனச் செலவு என்று வைத்துக்கொள்வோம். மூன்று பருவம் தவறினால் 63 நாள், 9,450 ரூபாய். இந்தச் செலவு எந்தப் பால் சங்கத்தின் ரிஜிஸ்டரிலும் வராது. "இந்த மாடு சினை தங்க மாட்டேங்குது" என்று ஒரே வரியில் முடிந்துவிடும். அந்த ஒரு வரிக்குப் பிறகு மாட்டின் விதி என்ன என்று எல்லோருக்கும் தெரியும். சந்தைக்குப் போகும், அங்கிருந்து அடிமாடாக லாரி ஏறும்.

திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் லட்சுமி என்ற பசு 1926ல் வந்து 1948 வரை வாழ்ந்தது. அதற்கு அங்கே சமாதியே இருக்கிறது. சாதாரண வீட்டு மாட்டுக்கு அந்த யோகம் கிடையாது. அது வாழ்வதும் போவதும் அடுத்த சினையைப் பொறுத்தது. பல சமயம் குறை மாட்டில் இருப்பதில்லை. கன்று போட்ட பிறகு கறக்கும் பாலுக்கு ஏற்ற தீனி இல்லாதது, தாது உப்பு போதாதது, பருவத்தை யாரும் பார்க்காதது, ஊசி நேரம் தப்பியது என்று ஏதோ ஒன்று. பழி மட்டும் மாட்டின் மேல்.

இனி?

2019 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாடுகள் சுமார் 95 லட்சம். அதே 2019ல் இனப்பெருக்கத்துக்குப் பயன்படும் காளைகளையும் விந்து நிலையங்களையும் பதிவு செய்யச் சொல்லும் சட்டமும் வந்தது. நாட்டுக் காளைகளுக்கு இது ஆபத்து என்று எதிர்ப்பும் வந்தது. பெரும்பாலும் கிடேரிக் கன்றே பிறக்க வைக்கும் பாலினம் பிரித்த விந்தும் வந்துவிட்டது. மாடுகளின் காதில் 12 இலக்க எண் போட்ட மஞ்சள் தோடு தொங்குகிறது.

எல்லாம் நல்லதுதான். ஆனால் 1940லிருந்து இன்றுவரை சட்டங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது "எந்தக் காளை?" என்ற ஒரே கேள்வியை. தொழுவத்தில் நிற்பவருக்குத் தேவையான கேள்வி "எந்த நாள்?" என்பது. அதற்கு விடை குச்சியில் இல்லை. சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரில் இருக்கிறது. பருவம் கண்ட தேதி, ஊசி போட்ட தேதி, 21ஆம் நாள் மறுபடி கவனித்தது, மூன்றாம் மாதம் சினை பார்த்தது, ஏழாம் மாதம் கறவை நிறுத்தியது. ஐந்தே குறிப்புகள்.

அந்தக் காலத்து இடையருக்குக் கல்வெட்டு சொன்னது மாடு குறையக் கூடாது என்று மட்டும்தான். எப்படிக் குறையாமல் பார்த்துக்கொள்வது என்று கல்லில் வெட்டி வைக்கவில்லை. அது அவர் கண்ணிலும் அவர் மந்தையில் நின்ற காளையின் மூக்கிலும் இருந்தது. காளையை எடுத்துவிட்டோம். அதன் வேலையை ஒரு சம்பளமும் பயிற்சியும் இல்லாமல் பார்த்துக்கொண்டிருப்பவர்களை இனிமேலாவது கணக்கில் சேர்க்க வேண்டும்.