தகரத்துண்டும் நினைவுத் தட்டும்

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் புகையிரதப் பாதை மலையேறத் தொடங்கும் இடம் ரம்புக்கனை. அப்பாதை 1867ஆம் ஆண்டிற் கண்டியை எட்டியது. 1914ஆம் ஆண்டில் தலைமன்னார்ப் பாதை திறக்கப்பட்டபின், அவ்வழி வந்தோரும் பொல்காவலைச் சந்தியிற் திரும்பி, ரம்புக்கனையைக் கடந்தே கண்டிச் சீமைக்குச் சென்றனர். தென்னிந்தியக் கிராமங்களை விட்டுத் தேயிலைத் தோட்டங்களை நாடி வந்த மக்களுள் எண்ணற்றோர் இந்நிலையத்தின் வழியே சென்றவர்களாவர்.

அவர்களுட் பலர் கழுத்தில் ஒரு தகரத்துண்டு தொங்கிற்று. 1901ஆம் ஆண்டில் வழக்கத்திற்கு வந்த அத்துண்டிலே தோட்டத்தின் பதிவெண்ணும் தொழிலாளியின் தொடரெண்ணும் பொறிக்கப்பட்டிருந்தன. அதனைக் காட்டினாற் போதும்; பயணச் செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். மனிதன் பேசவேண்டியதில்லை, தகரமே அவனுக்காகப் பேசிற்று.

அதனினுங் கொடியது ‘துண்டு’ எனப்பட்ட காகிதச் சீட்டு. இன்ன கங்காணியும் அவன் ஆட்களும் பட்ட கடன் இவ்வளவு. அதனைச் செலுத்தினால் அவர்களை விடுவிப்போம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுப்பது அது. புதிய தோட்டம் பழைய கடனைத் தீர்த்து ஆட்களைப் பெற்றது. கடனோ தீரவில்லை, இடம் மட்டுமே மாறிற்று. எழுதப் படிக்கத் தெரியாத குடும்பத்தின் விதி, அதன் கையில் இல்லாத ஒரு காகிதத்தில் இருந்தது. 1921ஆம் ஆண்டிற் சட்டம் இத்துண்டு முறையை ஒழித்தது.

ஆயின் காகிதம் யாவும் பகையன்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் மலையக மக்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானியர் சட்டம், 1946ஆம் ஆண்டு சனவரி முதல் நாளுக்கு முன் மணமானவர் 7 ஆண்டும், மணமாகாதவர் 10 ஆண்டும் இடைவிடாது இங்கு வாழ்ந்தமைக்குச் சான்று கேட்டது. அன்று பிறப்புச் சான்றிதழும் தோட்டப் பதிவும் செல்வத்தினும் மேலாயின. அழியவேண்டிய சீட்டு நிலைத்ததும், நிலைக்கவேண்டிய சீட்டு கிட்டாமற்போனதும் ஒரே மக்களின் வரலாறு.

இன்று அச்சீட்டுகள் கைத்தொலைபேசியிலும் கணினியின் நினைவுத் தட்டிலும் உறைகின்றன. அடையாள அட்டையின் படம், வங்கிக் கணக்கு, மருத்துவ அறிக்கை, வெளிநாட்டிலுள்ள தாயின் கடிதம் ஆகிய யாவும் அங்கே உள. பழைய கருவியை விற்போர், ‘அழித்துவிட்டோம்’ என்று நம்புகின்றனர். உண்மையிற் பெரும்பாலும் அழிவது பெயர்ப்பட்டியலே. உள்ளடக்கம் அப்படியே கிடக்கும். புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழிப்பதால் புத்தகம் எரிந்துவிடுமோ?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழினுட்பக் கழகத்தைச் சேர்ந்த இரு ஆய்வாளர் பழைய தட்டுகள் 158ஐ விலைக்கு வாங்கி ஆராய்ந்து, 2003ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். இயங்கிய 129இல் முறையாகத் துடைக்கப்பட்டவை 12 மட்டுமே. கடனட்டை எண்களும் மருத்துவச் செய்திகளும் பிறவற்றிற் கிடைத்தன. பேரமைப்புகளும் இத்தவற்றினின்று தப்பவில்லை. பழைய கருவிகளை அகற்றும் பணியை அனுபவமற்றோரிடம் ஒப்படைத்தமைக்காக மோர்கன் ஸ்டான்லி என்னும் நிதி நிறுவனம் 2022ஆம் ஆண்டில் 3½ கோடி டொலர் அபராதம் செலுத்த இணங்கியது.

முறைமை கடினமன்று. வேண்டியவற்றை முதலிற் பிரதியெடுத்துக்கொள்ளல் வேண்டும். பின்னர்க் கணக்குகளினின்று வெளியேறி, சிம் அட்டையையும் நினைவு அட்டையையும் கழற்றி, மறைகுறியாக்கம் செய்யப்பட்ட தொலைபேசியைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பல் வேண்டும். பழைய காந்தத் தட்டாயின் அதன்மீது முழுவதும் மீளெழுதல் போதும். காந்தமில்லா நினைவகத்திற்கோ அதன் உள்ளேயே அமைந்த அழிப்புக் கட்டளையே தக்கது. காந்தத்தால் அதனைத் துடைக்க முடியாது. இயங்காத தட்டைத் துளையிட்டோ துண்டாக்கியோ சிதைக்கலாம். தீயிடல் ஆகாது, நச்சுப் புகை எழும், மின்கலம் வெடிக்கும். எஞ்சியதை மின்கழிவு சேகரிப்போரிடமே சேர்த்தல் முறை.

தேவைக்கு மிஞ்சித் தனிப்பட்ட தரவை வைத்திருத்தலாகாது என்னும் கொள்கையை இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஏற்றுள்ளது. எனினும் வீட்டு அலுமாரியிற் கிடக்கும் பழைய தொலைபேசியைச் சட்டம் வந்து துடைக்காது. துண்டுச் சீட்டை ஒழிக்க அன்று அரசாங்கம் வேண்டியிருந்தது. இன்றைய துண்டு அவரவர் கையிலேயே இருக்கின்றது. வைக்கவேண்டியதை வைத்து, அழிக்கவேண்டியதை அழிக்கும் உரிமையும் அக்கைக்கே உண்டு.