பிள்ளைக் காம்பராவில் பத்து நிமிஷம்

யோகா என்றதும் நமக்கு ஞாபகம் வருவது தாடி வைத்த முனிவரும் இமயமலையும்தான். ஹடயோக நூல்கள் பல நூற்றாண்டுகள் பழையவை என்பது உண்மை. ஆனா இன்று வகுப்பறைகளில் பிள்ளைகள் வரிசையா நின்று செய்கிற யோகா வேறு ஒரு இடத்தில் உருவானது. அந்தக் கதையை எங்கள் பதுளைப் பக்கத் தோட்டங்களின் கதையோடு சேர்த்து வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

1930களில் மைசூரில், நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவோடு, ஜகன்மோகன் அரண்மனையில் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் ஒரு யோகசாலை நடத்தினார். அவரிடம் படித்தவர்களில் பலர் அரச குடும்பத்துப் பையன்கள். ஓரிடத்தில் இருக்காத வயசு. மூச்சோடு சேர்த்து ஆசனங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துச் செய்யும் முறை அங்கே வளர்ந்தது. மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று நொந்துபோயிருந்த பி.கே.எஸ். ஐயங்கார் 1934இல் அங்கே வந்து சேர்ந்தபோது அவரும் ஒரு சிறுவன்தான். அதே காலத்தில் அவுந்து சமஸ்தானத்து ராஜா பவான்ராவ், தன் பள்ளிக்கூடங்களில் சூரிய நமஸ்காரத்தைக் கொண்டுவந்தார். ஐரோப்பிய உடற்பயிற்சி முறைகளும் இதில் கலந்திருக்கு என்று மார்க் சிங்கிள்டன் 2010இல் வந்த தன் நூலில் வாதாடுகிறார். எப்படியோ, பிள்ளையின் உடம்பு நிமிரணும், பலப்படணும் என்று அங்கே பெரியவர்கள் பணமும் நேரமும் செலவழித்தார்கள்.

அதே வருஷங்களில் ஊவாவில் என்ன நடந்தது? 1924இல் ரயில் பதுளைக்கு வந்தது. பண்டாரவளை, தெமோதரை, ஹாலி-எல பக்கத்துத் தேயிலை கொழும்புக்கு இறங்கியது. தோட்டத்துப் பிள்ளைகள் பற்றியும் ஒரு சட்டம் இருந்தது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகளைக் காலை 10 மணிக்கு முன் வேலைக்கு எடுக்கக்கூடாது என்றது. அதாவது 10 மணிக்குப் பிறகு எடுக்கலாம்! மைசூர்ப் பையன் முதுகை வளைத்தது உடம்பைத் தேற்ற; எங்கள் தோட்டத்துப் பிள்ளை முதுகை வளைத்தது புல் பிடுங்க.

வேலைக்குப் போகாத குட்டிப் பிள்ளைகள் பிள்ளைக் காம்பராவில் இருந்தார்கள். அம்மா பெரட்டுக்குப் போகும் முன் விட்டுட்டுப் போவார். ஆயாம்மா பார்த்துக்கொள்வார். பிள்ளை அழாமல் இருந்தால் அம்மா கொழுந்து எடுக்கலாம். அந்த ஏற்பாட்டின் நோக்கம் அவ்வளவுதான். இன்று அதே இடங்களில் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர்ப்பலகை தொங்குகிறது. பெயரில் இருக்கிற 'அபிவிருத்தி'யை நாங்கள் சீரியஸாகவே எடுத்துக்கொள்கிறோம். யோகா பற்றிப் பேசுவதும் அதனால்தான்.

சின்னப் பிள்ளைக்கு யோகா என்ன தரும்? மரம் மாதிரி ஒற்றைக் காலில் நின்றால் சமநிலை பழகும். பூனை மாதிரி முதுகை வளைத்தால், பாம்பு மாதிரி நெஞ்சைத் தூக்கினால் முதுகெலும்பு இளகும். வயிற்றில் ஒரு துணிப் பொம்மையை வைத்து அது ஏறி இறங்குவதைப் பார்த்தால், கோபம் வரும்போது மூச்சைக் கவனிக்கலாம் என்பது மெதுவா புரியும். ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. கவனம், சமநிலை, பதற்றம் ஆகியவற்றில் ஓரளவு நன்மை தெரிகிறது என்கின்றன. அற்புதம் ஒன்றும் இல்லை. நான்கு வயசுக்குச் சிரசாசனமும் வேண்டாம், மூச்சை அடக்குவதும் வேண்டாம். பத்து நிமிஷ விளையாட்டுப் போதும். பெரியவர் ஒருவரும் கூடவே தரையில் உட்கார்ந்து செய்யணும். பிள்ளைக்கு அதுதான் பெரிய லாபம்னு நினைக்கிறோம்.

இங்கேதான் சிக்கல். நகரத்தில் 'அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து செய்யுங்கள்' என்று சொல்வது லேசு. தலையில் கயிறு மாட்டி முதுகில் கூடை சுமந்து, அன்றைய கிலோக்கணக்கை முடித்துவிட்டு வரும் அம்மாவிடம் அதைச் சொல்ல முடியுமா? லயத்துக் காம்பராவில் ரெண்டு பாய் விரித்தால் நடக்க இடம் இல்லை. இன்னொன்று: 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டத்துப் பிள்ளைகளில் 31.7 வீதம் பேர் வயசுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாடு முழுக்க அது சுமார் 17 வீதம். எந்த ஆசனமும் அந்த உயரத்தைத் தராது. முட்டையும் பாலும் கேட்கிற இடத்தில் யோகாவைக் கொடுத்துச் சமாளிக்க யாராவது வந்தால், நாம் ஏமாறக்கூடாது.

சாப்பாட்டுக்குப் பதிலா இல்லாமல், சாப்பாட்டோடு சேர்ந்து வரட்டும். பிள்ளைக் காம்பராவிலேயே, வேலை நேரத்துக்குள்ளேயே, ஆயாம்மாவுக்குப் பயிற்சி கொடுத்து, குளிர் சிமெந்துத் தரைக்கு நல்ல பாய் வாங்கிக் கொடுத்து நடக்கட்டும். இந்து, கிறிஸ்தவ, முஸ்லிம் பிள்ளைகள் எல்லாரும் இருக்கிற இடம் அது; மந்திரம் இல்லாமலே பூனையும் பாம்பும் மரமும் ஆகலாம். நூறு வருஷத்துக்கு முன் அரண்மனைப் பையன்களுக்குக் கிடைத்தது, உடம்பைக் கவனிக்க ஒரு பெரியவரும் அதற்கென்று ஒதுக்கிய நேரமும். தோட்டத்துப் பிள்ளைக்கு நாங்கள் கேட்பதும் அதே ரெண்டுதான்.