சபாநாயகர் நாற்காலியும் முதல்வர் நாற்காலியும்

வாலாஜா சாலையில் கலைவாணர் அரங்கத்தைக் கடந்து போகும் தோழர்கள் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். 1952ல் 375 உறுப்பினர்கள் கொண்ட சென்னை மாநிலச் சட்டமன்றம் இந்த வளாகத்தில்தான் கூடியது. கோட்டையில் இடம் போதவில்லை. அவையின் உயரமான நாற்காலியில் இருந்தவர் ஜெ. சிவசண்முகம் பிள்ளை. ‘பிள்ளை’ என்ற பட்டத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம், அவர் நம்மவர். 1937ல் சென்னை மேயரான முதல் தலித். 1946 முதல் 1955 வரை சபாநாயகர்.

பெருமைதான். ஆனால் அந்த நாற்காலியின் விதி என்ன? அதில் உட்கார்ந்தவர் விவாதத்தில் பேசக் கூடாது. குலக்கல்வித் திட்டத்தில் அவை கொதித்தபோதும் அவர் வேலை, பேச விரும்புவோருக்கு வாய்ப்புக் கொடுப்பது.

பேச வாயிருந்தவரின் கதையையும் பார்ப்போம். 1938ல் எம்.சி.ராஜா சட்டமன்றத்தில் கோயில் நுழைவு மசோதா கொண்டுவந்தார். முதல்வர் ராஜாஜி அதை எதிர்த்தார். மலபாருக்கு மட்டும் சட்டம் போதும் என்றார். பூனா ஒப்பந்தத்தால் மாகாணத்தில் நமக்கு 30 தனித்தொகுதிகள் இருந்தன. பெரும்பாலானவை காங்கிரஸ் கையில். கட்சிக் கட்டளை என்றதும் அந்த உறுப்பினர்கள் ராஜாவோடு நிற்கவில்லை. மசோதா தோற்றது. ராஜா காந்திக்கு எழுதினார். ராஜாஜியை நம்புங்கள் என்கிற வகையில்தான் பதில் வந்தது. கூட்டுத்தொகுதி நம் பிரதிநிதியை யாருக்குக் கடன்பட்டவராக ஆக்கும் என்று அம்பேத்கர் எச்சரித்தாரோ, அது அப்படியே நடந்தது.

மயிலாப்பூர் கபாலி கோயில் உட்பட மாகாணக் கோயில்களில் நாம் நுழையும் உரிமை 1947 சட்டத்தில்தான் உறுதியானது. அப்போது சபாநாயகர் சிவசண்முகம். ராஜா அதைப் பார்க்கவில்லை, 1943லேயே இறந்துவிட்டார். இருவரில் யார் பெரியவர் என்று கேட்டால், தோற்ற ராஜாவைத்தான் சொல்வேன். சிவசண்முகத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. ஒன்பது ஆண்டுகள் ஆதிக்கசாதிப் பெருந்தலைகள் அவரைப் பார்த்து எழுந்து நின்று, அவர் அனுமதித்த பிறகே பேசினார்கள். சேரிக்குள் அந்தக் காட்சி என்ன செய்திருக்கும் என்பதை நாம் எழுதி வைக்கவே இல்லை.

1955ல் அவர் விலகிய பிறகு அடுத்த தலித் சபாநாயகர் ப.தனபால், 2012ல். இடையில் 57 ஆண்டுகள். அதில் பெரும்பகுதி திராவிட இயக்க ஆட்சி. 2017 பிப்ரவரியில் நம்பிக்கை வாக்கெடுப்பின்போது அவர் சட்டை கிழிந்தது. தாழ்த்தப்பட்ட சமூகத்தவன் என்பதால்தான் இப்படியா என்று அவையிலேயே கேட்டார். அதே ஆண்டு 18 எம்.எல்.ஏ.க்களைத் தகுதிநீக்கம் செய்து ஆளுங்கட்சியைக் காப்பாற்றியதும் அவர்தான். இரண்டையும் சேர்த்தே படியுங்கள்.

1952ன் அதே அவையில் ராஜாஜி அமைச்சரவையில் இன்னொரு தலித் இருந்தார்: கர்னூல்காரர் தாமோதரம் சஞ்சீவய்யா. மாநிலம் பிரிந்து ஆந்திரத்துக்குப் போனார். 1960ல் அங்கே முதலமைச்சர் ஆனார், இந்தியாவின் முதல் தலித் முதலமைச்சர். இந்தப் பக்கம் நின்ற நமக்கு அந்த நாற்காலி இன்னும் வரவில்லை.