மிச்சிகன் பல்கலைக்கழகச் சட்ட வளாகம்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஆன் ஆர்பர் நகரில் உள்ள மிச்சிகன் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியின் கட்டடத் தொகுதி இது. நாற்புறமும் கட்டடங்கள், நடுவில் புல்வெளி முற்றம். மாணவர்கள் பேச்சில் 'லா குவாட்'. 1923இல் வேலை தொடங்கி, பகுதி பகுதியாக எழும்பி, 1933இல் முடிந்தது. 1934 ஜூன் 15 அன்று அர்ப்பணிப்பு விழா நடந்தது. இதற்கான பணம் ஒரே மனிதரிடமிருந்து வந்தது. இதே கல்லூரியில் படித்து, நியூயார்க்கில் தொழில் நடத்திய வழக்கறிஞர் வில்லியம் வில்சன் குக்தான் அவர். கட்டி முடித்த நிலையில் இந்த வளாகத்தின் ஒரு கட்டடத்தைக்கூட அவர் நேரில் வந்து பார்க்கவில்லை.

சட்டக் கல்லூரி இதைவிடப் பழையது. 1859இல் மூன்று பேராசிரியர்களுடன் தொடங்கியது. அவர்களில் ஒருவரான தாமஸ் கூலி, அமெரிக்க அரசியலமைப்புச் சட்டம் பற்றிய தம் நூலால் பின்னர் நாடறிந்தவரானார். 1863இல் கல்லூரிக்கெனத் தனிக் கட்டடம் எழுந்தது. 1920களில் அது போதாமல் போயிற்று. சட்டக் கல்லூரி காலி செய்தபின் ஹேவன் ஹால் என்ற பெயரில் வேறு துறைகளுக்குப் பயன்பட்ட அந்தப் பழைய கட்டடம் 1950இல் தீக்கிரையானது.

கொடையாளர்

குக் 1858இல் மிச்சிகன் மாநிலத்தின் ஹில்ஸ்டேல் ஊரில் பிறந்தவர். 1880இல் இளங்கலை, 1882இல் சட்டம். அடுத்து நியூயார்க். அங்கே நெவாடா வெள்ளிச் சுரங்கங்களில் பெரும் பணம் ஈட்டிய ஜான் மக்கே, அட்லாண்டிக் கடலடியில் தந்திக் கம்பி இழுத்து வெஸ்டர்ன் யூனியன் நிறுவனத்தோடு போட்டியில் இறங்கியிருந்தார். மக்கேயின் கேபிள், தந்தி நிறுவனங்களுக்குத் தலைமைச் சட்ட ஆலோசகர் ஆனார் குக். பங்குகளும் பங்குதாரர்களும் பற்றி 1887இல் அவர் எழுதிய நூல் பதிப்புக்குப் பதிப்பு பருத்து, கம்பெனிச் சட்ட வழக்கறிஞர்களின் மேசைப் புத்தகம் ஆயிற்று. கம்பெனிகள் பெரிதாக வளர்ந்த காலத்தில் கம்பெனிச் சட்டம் தெரிந்தவருக்குச் சேர்ந்த செல்வம் அது. இந்த ஒரு செய்தியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. விழாவைப் பற்றிச் சொல்லும்போது தேவைப்படும்.

பிள்ளைகள் இல்லை. மணவாழ்க்கை விவாகரத்தில் முடிந்தது. தாயின் பெயரில் மாணவியருக்காக அவர் கட்டித் தந்த மார்த்தா குக் விடுதி 1915இல் திறக்கப்பட்டது. அவரைப் பல்கலைக்கழகத்தின் பக்கம் இழுத்துவந்தவர் ஹேரி ஹட்சின்ஸ். முன்பு சட்டக் கல்லூரியின் முதல்வராகவும், 1909 முதல் 1920 வரை பல்கலைக்கழகத் தலைவராகவும் இருந்தவர். பணக்கார முன்னாள் மாணவரிடம் நன்கொடை கேட்பது பொறுமை வேண்டும் வேலை. ஹட்சின்ஸுக்குப் பொறுமை இருந்தது.

குக் மனத்தில் இருந்தது வகுப்பறை மட்டும் கொண்ட கல்லூரி இல்லை. லண்டனில் வழக்கறிஞர்கள் கூடித் தங்கி, கூடி உண்டு தொழில் பழகிய 'இன்ஸ் ஆஃப் கோர்ட்' போல ஒன்றை ஆன் ஆர்பரில் நிறுவ விரும்பினார். ஆகவே முதலில் எழுந்தது வகுப்பறையன்று, விடுதியும் உணவுக்கூடமும் கொண்ட 'லாயர்ஸ் கிளப்'. அறை வாடகையில் மிஞ்சும் தொகை சட்ட ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்பது அவர் விதித்த ஏற்பாடு. ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். தாயின் பெயரால் பெண்களுக்கு விடுதி கட்டியவரின் இந்தக் கிளப் ஆண்களுக்கு மட்டும் என்றே தொடங்கியது. சட்டக் கல்லூரியோ 1871லேயே ஒரு பெண்ணுக்குப் பட்டம் தந்திருந்தது.

கட்டடங்கள்

வடிவமைத்தவர்கள் நியூயார்க்கின் யார்க் அண்டு சாயர் நிறுவனத்தார். மார்த்தா குக் விடுதியும் இவர்கள் கைவண்ணமே. வங்கிக் கட்டடங்களுக்குப் பேர்போனவர்கள். நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியும் இவர்களுடையது. இங்கே ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகளை நினைவூட்டும் கோதிக் பாணியைக் கையாண்டார்கள். சுவருக்கு மாசசூசெட்ஸின் வேமத் கருங்கல்; சன்னல், வாசல் விளிம்புகளுக்கு இண்டியானா சுண்ணக்கல். வேமத் கல்லில் துருப்பழுப்பும் சாம்பலும் தேன் நிறமும் கலந்து கிடப்பதால், கட்டி முடித்த அன்றே சுவருக்கு முந்நூறு வயது ஆனதுபோல் ஒரு தோற்றம். இரவல் பழமைதான். ஆனாலும் கைவேலை உயர்தரம் என்பதை மறுப்பதற்கில்லை.

லாயர்ஸ் கிளப் 1925இலும், தந்தையின் பெயர் தாங்கிய ஜான் குக் விடுதி 1930இலும், சட்ட ஆராய்ச்சிக் கட்டடம் 1931இலும், வகுப்பறைகள் உள்ள ஹட்சின்ஸ் ஹால் 1933இலும் முடிந்தன. கடைசிக் கட்டடத்துக்கு வைத்தது, பொறுமையோடு காத்திருந்த அதே ஹட்சின்ஸின் பெயர்.

எல்லாவற்றிலும் பேர்பெற்றது ஆராய்ச்சிக் கட்டடத்தின் வாசிப்புக்கூடம். சுமார் 50 அடி உயரத்தில் நீலமும் பொன்னும் தீட்டிய கூரை. ஓக் மரம் பதித்த சுவர்கள். வண்ணக் கண்ணாடிச் சன்னல்களில் உலகின் பல பல்கலைக்கழகங்களின் முத்திரைகள். நிமிர்ந்து பார்ப்பவர்கள் கவனிக்கத் தவறுவது கால் அடியில் இருக்கிறது: தரை கார்க்கால் ஆனது. எவ்வளவு வேகமாக நடந்தாலும் செருப்புச் சத்தம் அடுத்த மேசைக்கு எட்டாது. ஹட்சின்ஸ் ஹால் தாழ்வாரத்துச் சன்னல்களில் இந்தக் கம்பீரம் கிடையாது. சட்டப் பாடங்களைக் கேலிச்சித்திரமாக்கிய கண்ணாடிகள் அங்கே. லாயர்ஸ் கிளப்பின் வளைவு வாயிலிலும் பல்கலைக்கழகத் தலைவர்கள் சிலரின் முகங்களைக் கல்லில் குறும்பாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

இரண்டு விழாக்கள்

லாயர்ஸ் கிளப் மட்டும் 1925 ஜூன் 13 அன்று அர்ப்பணிக்கப்பட்டது. அந்த ஆண்டு பிப்ரவரியில் பல்கலைக்கழகத் தலைவர் மாரியன் பர்ட்டன் காலமாகியிருந்தார். கொடையாளரும் வரவில்லை. நியூயார்க்கில் இருந்தபடியே வரைபடங்களைத் திருத்துவதும் கடிதம் எழுதுவதுமாக இருந்தார் குக். 1930 ஜூனில் இறந்தார். சொத்து பல்கலைக்கழகத்துக்கு என்று உயில். முன்னாள் மனைவி வழக்குத் தொடுத்தார்; அது சமரசத்தில் முடிந்தது. ஹட்சின்ஸும் அதே 1930இல் மறைந்தார்.

இப்படி, 1934இல் முழு வளாகத்துக்கும் விழா எடுத்தபோது தொடக்க கால முக்கியஸ்தர்களில் எஞ்சியிருந்தவர் கல்லூரி முதல்வர் ஹென்றி பேட்ஸ். சிறப்புரை உச்ச நீதிமன்ற நீதிபதி ஹார்லன் ஃபிஸ்க் ஸ்டோன். கொலம்பியா சட்டக் கல்லூரியின் முன்னாள் முதல்வர். வால் ஸ்ட்ரீட்டில் தொழில் நடத்தியவர். 1941இல் தலைமை நீதிபதி ஆனவர்.

திறப்பு விழா உரை என்றால் கொடையாளரைப் புகழ்ந்து, கல்லூரியை வாழ்த்தி, மாலை வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவது வழக்கம். ஸ்டோன் அப்படிச் செய்யவில்லை. பெருமந்தக் காலம் அது. வங்கிகளும் பங்குச் சந்தையும் மக்கள் பணத்தை எப்படி ஆண்டன என்பது செனட் விசாரணையில் அப்போதுதான் அம்பலமாகியிருந்தது. பங்குச் சந்தையைக் கட்டுக்குள் கொண்டுவரும் சட்டம் ஜூன் 6 அன்றுதான் கையெழுத்தாகியிருந்தது; ஒன்பது நாள் கழித்து விழா. பிறர் பணத்தைக் கையாளுபவர் தம் நலனைப் பின்னுக்குத் தள்ளவேண்டும் என்ற நம்பிக்கைப் பொறுப்பு நெறி மீறப்பட்டதே சீரழிவின் வேர் என்றார் ஸ்டோன். அந்த மீறலுக்கு வழக்கறிஞர் தொழிலும் துணைபோனது, திறமைசாலிகள் வணிகத்தின் ஏவலாட்களாகிவிட்டார்கள் என்று கடிந்தார். இதைச் சட்டக் கல்லூரிகள் பாடமாக எடுத்து ஆராய வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்லிச் சேர்ந்த பணத்தில் எழுந்த முற்றத்தில் பேசப்பட்ட பேச்சு இது. 'வழக்கறிஞர் சமூகத்தின் பொதுச் செல்வாக்கு' என்ற பொருளில் அமைந்த அந்த உரை அதே ஆண்டு ஹார்வர்டு சட்ட இதழில் அச்சேறியது. தொழில்நெறி பற்றிய எழுத்துகளில் இன்றும் மேற்கோளாகிறது.

பிற்காலம்

நூலகத்துக்கு இடம் போதாமல் போனபோது, கோதிக் கட்டடத்தை மறைக்காமல் இருக்கக் கட்டடக் கலைஞர் குன்னார் பிர்கெர்ட்ஸ் மூன்று தளங்களை நிலத்துக்கு அடியில் இறக்கினார். 1981இல் திறக்கப்பட்ட அந்த நூலகத்தின் அடித்தளத்திலும் பகல் வெளிச்சம் விழும். சாய்ந்த கண்ணாடிக் குழி வழியே அண்ணாந்தால் பழைய கட்டடத்தின் கல் முகப்பு தெரியும். மன்ரோ தெருவுக்கு மறுபுறம் 2012இல் தெற்குக் கட்டடம் திறக்கப்பட்டது. 2018 முதல் அதன் பெயர் ஜெஃப்ரிஸ் ஹால். அதுவும் ஒரு முன்னாள் மாணவரின் நன்கொடைக்கு வைத்த பெயரே.