கரிசல் கண்மாய்களில் வளர்ப்புமீன்

நெருக்கம், தீனி, நீரின் தன்மை ஆகியவற்றுக்கேற்ப வளர்ப்புமீனின் வளர்ச்சியும் நடத்தையும் மாறுகின்றன. வடகிழக்குப் பருவமழையை நம்பிய கோவில்பட்டி வட்டாரக் கண்மாய்களில் சில மாதங்களே நீர் நிற்கும். இத்தகைய குறுகியகாலக் குளங்களுக்கு ஏற்றவை, நெருக்கமாக விட்டு அரைவயிறாய் வளர்த்த ஓராண்டுக் கட்லா, ரோகு குஞ்சுகள்; இடமும் இரையும் கிடைத்ததும் விட்ட வளர்ச்சியை வேகமாக ஈடுகட்டும். கரிசல் களிமண் கலங்கினால் வெளிச்சம் குறைந்து மிதவை உயிரிகள் அருகும். அவற்றை நம்பிய கட்லா மெலியும். தேங்கிய குளத்தில் இக்கெண்டைகள் இயல்பாக முட்டையிடுவதில்லை. 1957இல் இந்திய மீனியலாளர் ஹிராலால் சௌத்ரி பிட்யூட்டரிச் சாற்றை ஊசியாகப் போட்டு அத்தடையை உடைத்தார். ஜிலேபிக் கெண்டையால் வருவதோ நேர்மாறான தொல்லை: நெரிசலில் சின்ன உடலோடே சினைப்பிடித்து, குளம் முழுக்கப் பொடிமீனாக்கிவிடும். விரால் குஞ்சுகளை அளவுவாரியாகப் பிரிக்காவிட்டால் பெரியது சிறியதை விழுங்கும். பசி இதை மிகுவிக்கும்.