பழைய ஆடையும் புதிய சாயமும்

இஸ்லாமிய நாகரிக வரலாற்றை எழுதியோர் அரண்மனைகளையும் நூலகங்களையும் பேசிய அளவுக்குச் சாயத்தொட்டிகளைப் பேசியதில்லை. ஆயினும் டமாஸ்கஸ், கெய்ரோ போன்ற நகரங்களின் கடைத்தெருக்களில் ‘ஸப்பாக்’ என்றழைக்கப்பட்ட சாயக்காரர் தவிர்க்க இயலாதவராக இருந்தார். இயந்திர நெசவு தோன்றுவதற்கு முன், நூற்பும் நெசவும் முழுக்கக் கையுழைப்பாக இருந்த காலத்தில், ஓர் ஆடை பெரும் மதிப்புடைய பொருள். நிறம் மங்கியதாலேயே அதை யாரும் எறிந்துவிடவில்லை. மீண்டும் தொட்டிக்கு அனுப்பினர்.

அக்காலச் சாயங்கள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. செந்நிறத்திற்கு உரியது மஞ்சிட்டி இனத்தைச் சேர்ந்த ‘ஃபுவ்வா’ வேர். படிகாரம் ஊட்டிய துணியில் அது உறுதியாகப் பற்றி நிற்கும். நம் சோழமண்டலக் கரையின் புகழ்பெற்ற சாயவேரும் இதே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்ததே. நீலத்திற்கு அவுரி. மருதாணியோ எளிதில் கிடைப்பது, பார்வைக்கு அழகானது. ஆனால் வெயிலில் நில்லாதது. இந்த வேறுபாட்டைச் சாயக்காரர் அறிவார். துணி கொடுத்தவர் அறியார். ஏமாற்றுக்கு இடமளித்தது இந்த அறியாமையே.

இதனாலேயே ‘ஹிஸ்பா’ எனும் அங்காடிக் கண்காணிப்புத் துறை சாயக்காரர்மீது தனிக் கவனம் செலுத்திற்று. ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் (கி.பி. 12) வாழ்ந்த அப்துர் ரஹ்மான் அஷ்ஷைஸரீ, கண்காணிப்பாளரான முஹ்தஸிபுக்கு வழிகாட்டியாக எழுதிய ‘நிஹாயத்துர் ருத்பா’ நூலில் அவர்களுக்கென ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கினார். ஃபுவ்வாவுக்குப் பதில் மருதாணியைப் பயன்படுத்துவதையும், மாசிக்காயும் அன்னபேதியும் கொண்டு துணியை முன்கூட்டியே கருக்கவைத்துப் பின் தொட்டியில் இறக்குவதையும் அவர் மோசடி எனக் கண்டிக்கிறார். தொட்டியிலிருந்து எடுக்கும்போது கண்ணைக் கவரும் அந்நிறம் சில நாட்களில் உதிர்ந்துவிடும். துணிகள் மாறிப்போகாதிருக்க உரியவரின் பெயரை மையால் எழுதிவைக்க வேண்டும் என்றும் விதிக்கிறார். சாயமிடத் தந்த ஆடையை அடகு வைப்பதும் பிறருக்கு உடுத்தக் கொடுப்பதும் வரம்பு மீறலே என்கிறார்.

இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் (மறைவு: ஹிஜ்ரி 505 / கி.பி. 1111) ‘இஹ்யா’வில் கடைத்தெருத் தீமைகளை எடுத்துரைக்கையில் இதற்கு நெருங்கிய ஒன்றைச் சுட்டுகிறார். உடுத்திப் பழையதான ஆடையை வெளுத்துப் புதியதென விற்பதும், கிழிசலை இழையோட்டி மறைப்பதும் தடுக்கப்பட வேண்டியவை என்பது அவரது தீர்ப்பு. இங்கு நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பழைய ஆடையை வெளுப்பதையோ செப்பனிடுவதையோ அவர் பழிக்கவில்லை. அதன் பழமையை மறைத்துப் புதியதென்று சொல்லும் சொல்லையே பழிக்கிறார். துணியின்மீது செய்யப்படும் வேலை ஒன்றே. அதனுடன் சேரும் உண்மையோ பொய்யோதான் அதைப் புதுப்பித்தலாகவோ மோசடியாகவோ ஆக்குகிறது.

தொழிலறிவும் இதற்குச் சான்று பகர்கிறது. மஞ்சள் மங்கிய துணியை அவுரித் தொட்டியில் தோய்த்தால் அது நீலமாவதில்லை, பச்சையாகிறது. புதிய சாயம் பழையதை அழிப்பதில்லை, அதனோடு கலந்தே தன் நிறத்தைப் பெறுகிறது. அடர்ந்த நிறத்தை மேலும் அடர்த்தியாக்கலாம். சாயத்தைக் கொண்டே அதை வெளிறச் செய்ய இயலாது. ஆகவே நல்ல சாயக்காரர் முதலில் பார்ப்பது தம் தொட்டியை அல்ல, தம்மிடம் வந்த துணியை.

அரபு மொழியிலும் இவ்வுறவு பொதிந்துள்ளது. புதியது எனப் பொருள்படும் ‘ஜதீத்’ என்னும் சொல்லைத் தறியிலிருந்து அப்போதுதான் வெட்டியெடுத்த துணியோடு தொடர்புபடுத்துவர் அகராதியாளர்கள். ‘தஜ்தீத்’ என்னும் புதுப்பித்தலும் அதே வேரினது. இமாம் ஹாகிமின் ‘முஸ்தத்ரக்’கில் இடம்பெற்ற நபிமொழி ஒன்று, ஈமான் ஆடையைப்போல் நைந்துபோகக்கூடியது என்றும், அதைப் புதுப்பித்துத் தருமாறு இறைவனிடம் வேண்ட வேண்டும் என்றும் உணர்த்துகிறது. நைந்ததை ஒப்புக்கொள்வதே அவ்வேண்டுதலின் தொடக்கம்.

தஜ்தீத் பற்றி நம்மிடையே நிகழும் விவாதங்களில் இரு தரப்பாரும் இதை மறந்துவிடுகின்றனர். ஒரு சாரார் நம் ஆடை நைந்ததே இல்லை என்கின்றனர். மறுசாரார் இன்றைய தேவைக்கேற்பத் தாம் கண்ட கருத்தை, முன்னோர் காலந்தொட்டு மாறாமல் வந்ததென நிறுவ முயல்கின்றனர். பின்னவர் செய்வது, வெளுத்த துணியைப் புதியதென விற்ற வணிகரின் செயலே. எது முன்னோர் நெய்தது, எது நாம் தோய்த்தது என்று வெளிப்படையாகச் சொல்லும் துணிவு இருந்தால் மாற்றத்திற்கு அஞ்ச வேண்டியதில்லை. அத்துணிவு இல்லாத இடத்தில் வெயில் தன் வேலையைச் செய்யும். போலி அம்பலமானதைச் ‘சாயம் வெளுத்துவிட்டது’ என்று தமிழ் சொல்வதும் அதனால்தான்.